டிரைவருக்குத் தமிழில் ஓட்டுநரா, இயக்கியா?

போன மாதம் அக்கா மகன் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்து, அல்சூர் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் மாட்டி, லினக்ஸ் வகையான உபுண்டுவையும் போட்டுவிட்டு, "மாமா, டிரைவரே இல்ல போல, ஸ்கிரீனைப் பாருங்க" என்று கூப்பிட்டான். திரை 1024க்கு 768 புள்ளிகளில் நின்றுவிட்டது, எழுத்தெல்லாம் பருத்துக் கிடக்கிறது, ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்தால் அரை நொடி கழித்துத்தான் பின்னால் வருகிறது. சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் "டிரைவர் இல்லை" என்று அவன் சொன்னது உண்மையில்லை, அதை இயக்கி என்ற தமிழ்ச் சொல்லை வைத்துச் சொன்னபோதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு ஒவ்வொரு கார்டின் உள்விவரமும் தானாகத் தெரியாது. இந்தப் படத்தைத் திரையில் காட்டு என்று வரும் வேலையை, அந்தக் குறிப்பிட்ட கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக்கித் தரும் நிரல்தான் டிரைவர்.

ஆங்கிலச் சொல் மாட்டு மந்தையிலிருந்து வந்தது. விரட்டு, முன்னே செலுத்து என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினை அது. மாட்டை ஓட்டியவர் டிரைவர், பிறகு வண்டி ஓட்டியவர், அப்புறம் இன்னொன்றை நகரவைக்கும் எந்தக் கருவிக்கும் அதே பேர். நம்மிடமும் ஓட்டு அப்படித்தான் வளர்ந்தது: மாடு ஓட்டு, ஏர் ஓட்டு, இங்கே சிவாஜிநகரில் ஆட்டோ ஓட்டு. அதனால் மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஓட்டுநர் என்று எழுதக் கை போகிறது. அது தவறு என்பேன். 'நர்' என்று முடிந்தால் தமிழில் ஆள் வந்துவிடுகிறார். ஸ்குரூ டிரைவரைத் திருப்புளி என்கிறோம், திருகு ஓட்டுநர் என்றா சொல்கிறோம்? ஆளைக் குறிக்காமல் வேலை செய்யும் கருவிக்கு நமக்கு 'இ' இருக்கிறது: மண்வெட்டி, பாக்குவெட்டி, வடிகட்டி, ஒலிபெருக்கி. அதே அச்சில் வார்த்தது இயக்கி. கிராபிக்ஸ் டிரைவருக்கு வரைகலை இயக்கி. கிராபிக்ஸ் இயக்கி என்று கலந்து சொன்னாலும் எனக்குக் குறையில்லை, அந்த இரண்டாவது சொல்தான் முக்கியம்.

நாங்கள் இயக்கி, இயக்கி என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு நாகர்கோவில்காரரான என் அம்மா உள்ளேயிருந்து, "இசக்கியையா சொல்லுத?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தலில் இருக்கும் இசக்கியம்மனின் பெயரும் இயக்கிதான். சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில்தானே கண்ணகியைப் பார்க்கிறாள், அந்தப் பால்மடை பூங்கண் இயக்கிக்கு. அந்த இயக்கி, யட்சி என்ற வடசொல்லின் உறவு. கம்ப்யூட்டர் இயக்கியோ இயக்கு என்ற தமிழ் வினையில் பிறந்தது. வடிவம் ஒன்று, வேர் வேறு.

இந்த வேரில்தான் நான் சொல்லவந்தது இருக்கிறது. இயங்கு என்றால் தானே நடப்பது, இயக்கு என்றால் இன்னொன்றை நடக்கவைப்பது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை இயங்குதளம் என்கிறோம், அதில் கார்டை இயக்குவது இயக்கி. ஒரே குடும்பம். இப்படிப் பார்த்தால் "டிரைவர் இல்லை" என்பதற்குள் இரண்டு கேள்விகள் தனித்தனியாகத் தெரியும்: இயக்கி இருக்கிறதா, அது இயங்குகிறதா?

லினக்ஸும் இதே இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் சொல்கிறது. கட்டளைகளை அடிக்கும் முனையத்தைத் திறந்து, கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, 'கே' சேர்த்து அடித்தால், கார்டின் பெயருக்குக் கீழே ஒரு வரியில் இப்போது எந்த இயக்கி பயனில் இருக்கிறது என்றும், அடுத்த வரியில் இந்தக் கார்டுக்குப் பொருந்தும் மாட்யூல்கள், அதாவது கெர்னலில் ஏற்றக்கூடிய இயக்கித் துண்டுகள், எவை என்றும் வரும். எங்களுக்கு முதல் வரியே இல்லை. மாட்யூல் வரியில் மட்டும் பேர்கள் வரிசையாக இருந்தன. அதாவது இயக்கி வட்டில் இருக்கிறது, இயங்கவில்லை. கார்டுக்கு வேலையே போகாததால் மெசா என்ற வரைகலை மென்பொருளின் எல்எல்விஎம்பைப் என்ற பகுதி, ப்ராசஸரை வைத்தே ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போட்டு வரைந்துகொண்டிருந்தது. சாளரம் இழுபட்டது அதனால்தான்.

பையன் கார்டு நிறுவனத்தின் மூடிய இயக்கியை, அதாவது மூலநிரலை வெளியிடாததைப் போட்டிருக்கிறான். கம்ப்யூட்டர் தொடங்கும்போது நம்பகமான நிரல்களை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், கையொப்பத்தை நம்பமுடியாத மாட்யூலைக் கெர்னல் ஏற்றாது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் பதிய, நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும், மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வந்து அதையே மறுபடி கேட்கும். இவன் அந்த நீலத்திரையை ஏதோ பிழை என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறான். மூடிய இயக்கி வந்ததும் நூவோ என்ற திறந்தமூல இயக்கியும் ஒதுக்கப்பட்டுவிடும் என்பதால், இரண்டும் இயங்காமல் கார்டு சும்மா கிடந்தது. சாவியைப் பதிய மறுபடி கோரிக்கை கொடுத்து, நீலத்திரையில் கடவுச்சொல்லை அடித்து உள்ளே போனதும் திரை 1920க்கு 1080க்கு விரிந்தது.

கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் இதே கோளாறு வந்தால், பெரும்பாலும் மாட்யூலைக் கட்டத் தேவையான, புதுக் கெர்னலுக்கான ஹெடர் கோப்புகள் இல்லாமல் மாட்யூல் கட்டப்படாமல் போயிருக்கும். அப்போது இயக்கி உண்மையிலேயே இல்லை.