ஒரே பேரத்தில் 13,000 ஆய்விதழ்கள்: கல்லூரிகள் சேர்ந்து சந்தா கட்டுவதன் கணக்கு

அரசுக் கல்லூரி ஒன்றில் முதுகலை வேதியியல் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: "2024 வரை எந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாலும் 35 டாலர், 40 டாலர் கட்டச் சொல்லும். இப்போது கல்லூரிக் கணக்கில் நுழைந்தால் அதே கட்டுரை முழுசாக இறங்குகிறது. எங்கள் கல்லூரியில் ஆய்வகத்துக்கு பீக்கர் வாங்கவே பணம் இல்லை. இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது?"

அவருடைய கல்லூரி எதுவும் கொடுக்கவில்லை. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை, மத்திய மாநில அரசுகள் நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்கள் படிக்கலாம். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். பயன்பெறுவோர் சுமார் 1.8 கோடிப் பேர் என்கிறது அரசு. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 ரூபாய். ஒற்றைக் கட்டுரைக்கு முன்பு கேட்கப்பட்ட 35 டாலர் கிட்டத்தட்ட 3,000 ரூபாய். ஓர் ஆண்டு முழுக்க 13,000 இதழ்களைப் படிப்பதற்கான ஒருவர் பங்கு, ஒரு கட்டுரையின் சில்லறை விலையில் பாதிகூட இல்லை.

கதவு திறக்கும் தொழில்நுட்பம் எளிமையானது. கல்லூரி வளாகத்து இணைய இணைப்பின் ஐபி முகவரியைப் பதிப்பகத்தின் சர்வர் தன் பட்டியலோடு ஒப்பிட்டு, இருந்தால் உள்ளே விடும். விடுதியிலோ வீட்டிலோ இருந்து வருபவரை, அவருடைய கல்லூரியிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளும். காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இந்த ஏற்பாட்டை நடத்துகிறது. உங்கள் கடவுச்சொல் பதிப்பகத்துக்குப் போவதில்லை. "இவர் எங்கள் மாணவர்தான்" என்ற சான்று மட்டும் போகிறது.

ஆனால் வாசகி கேட்டது பணத்தைப் பற்றி. எனக்கும் இதில் மிகப் பிடித்த பகுதி அந்தக் கணக்குதான்.

ஒரு கடையில் அரிசி விலை அதிகமென்றால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். ஆய்விதழில் அது நடக்காது. கிராஃபீன் பற்றி ஓர் இதழில் வந்த குறிப்பிட்ட கட்டுரைதான் உங்களுக்கு வேண்டுமென்றால், வேறு இதழின் வேறு கட்டுரை அதற்கு மாற்றாகாது. ஒவ்வொரு கட்டுரையும் தன்னளவில் ஒரு சின்ன ஏகபோகம். பதிப்பகங்கள் எத்தனை இருந்தாலும் போட்டியால் விலை இறங்காததற்கு இதுவே காரணம்.

இப்போது இரண்டு கல்லூரிகளை வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை. முதல் கல்லூரியில் வேதியியல் துறை வலுவானது. வேதியியல் இதழுக்கு 100 ரூபாய் வரை கொடுக்கும், இயற்பியல் இதழுக்கு 40-க்கு மேல் கொடுக்காது. இரண்டாவது கல்லூரியில் நேர்மாறு: இயற்பியலுக்கு 100, வேதியியலுக்கு 40. இரண்டு இதழ்களும் ஒரே பதிப்பகத்துடையவை.

தனித்தனியாக விற்றால் பதிப்பகத்துக்கு இரண்டு வழி. ஒவ்வொரு இதழுக்கும் 100 என்று விலை வைத்தால், ஒவ்வொன்றும் ஒரு கல்லூரிக்கு மட்டும் விற்கும், வரவு 200. விலையை 40-ஆகக் குறைத்தால் இரண்டு கல்லூரிகளும் இரண்டையும் வாங்கும். நான்கு சந்தா, வரவு 160. ஆகவே 100 என்றுதான் வைக்கும். முதல் கல்லூரியின் இயற்பியல் மாணவருக்கு இதழே கிடைக்காது.

இரண்டையும் சேர்த்துக் கட்டி, "கட்டு 140 ரூபாய், உதிரியாகத் தரமாட்டோம்" என்று சொன்னால்? முதல் கல்லூரிக்குக் கட்டின் மதிப்பு 100-உம் 40-உம் சேர்ந்து 140. இரண்டாவதற்கு 40-உம் 100-உம், அதுவும் 140. இரண்டும் வாங்கிவிடும். வரவு 280! செலவு? மின்னிதழுக்கு இன்னொரு வாசகரைச் சேர்க்க ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. காகித இதழாக இருந்திருந்தால் கூடுதல் பிரதிக்கு அச்சும் தபாலும் அந்த லாபத்தைத் தின்றிருக்கும்.

கவனியுங்கள், இங்கே இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. எல்லா மாணவருக்கும் எல்லா இதழும் கிடைத்துவிட்டது. அது உண்மையான நன்மை. அதே சமயம் ஒவ்வொரு கல்லூரியும் கொடுக்கத் தயாராக இருந்த கடைசி ரூபாய்வரை பதிப்பகத்துக்குப் போய்விட்டது.

இரண்டு இதழுக்குப் பதில் 2,000 இதழ்களைக் கட்டினால் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. நாணயத்தை 10 முறை சுண்டினால் தலை 3 முறை விழுவதும் 7 முறை விழுவதும் சாதாரணம். 10,000 முறை சுண்டினால், நூற்றுக்கு 95 தடவை எண்ணிக்கை 4,900-க்கும் 5,100-க்கும் இடையில்தான் வரும். பள்ளியில் படித்த நிகழ்தகவுதான். தனித்தனி இதழுக்கு ஒரு கல்லூரி என்ன மதிப்பு வைக்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. ஆயிரக்கணக்கில் சேர்த்துவிட்டால் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கூட்டுத்தொகை கணிக்கத்தக்கதாகிவிடும். கணிக்க முடிந்தால் அதற்கு மிக அருகில் விலை வைக்கலாம். தகவல் பொருட்களைக் கட்டாக விற்பதன் இந்த இயல்பை யானிஸ் பாகோஸ், எரிக் பிரின்யோல்ஃப்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999-இல் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். ஆனால் வியாபாரம் அவர்களை முந்திவிட்டது. அகாடமிக் பிரஸ் பதிப்பகம் 1996-லேயே தன் இதழ்களை மொத்தமாக மின்வடிவில் விற்கத் தொடங்கியது. நூலகர்கள் இதை 'பிக் டீல்' என்று அழைத்தார்கள்.

விலை நிர்ணயமும் விசித்திரம். பெரும்பாலான ஒப்பந்தங்களில், அந்த நூலகம் காகிதக் காலத்தில் எவ்வளவு செலவழித்ததோ அதுவே அடிப்படை. அதன்மேல் ஆண்டுதோறும் சில சதவீத உயர்வு. ஓர் இதழ் வேண்டாமென்று விட்டால் தொகை குறையாது. மொத்தமாக விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் உதிரியாக வாங்கினால், உதிரி விலை கட்டின் விலையைத் தொட்டுவிடும். மேலும் பல ஒப்பந்தங்களில் விலையை வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. பொருளியலாளர் தியோடர் பெர்க்ஸ்ட்ராமும் குழுவினரும் அமெரிக்கப் பொதுப் பல்கலைக்கழகங்களிடம் நம் தகவல் அறியும் சட்டம் போன்ற சட்டங்களின்கீழ் மனுப்போட்டு ஒப்பந்தங்களை வாங்கி, 2014-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். 2009-இல் எல்சேவியர் என்ற பெரிய பதிப்பகத்துக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகம் கொடுத்தது 12.2 லட்சம் டாலர். அதே அளவுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம் கொடுத்தது 21.6 லட்சம் டாலர். பக்கத்து நூலகம் என்ன கொடுக்கிறது என்று தெரியாதவரிடம் என்ன விலையும் கேட்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சேர்ந்து பேரம் பேசுவதன் வலிமை இங்கேதான் தொடங்குகிறது. தனிக் கல்லூரி "போங்கள், வேண்டாம்" என்றால் அதன் ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் இழப்பார்கள். பதிப்பகத்துக்கோ அது வரவில் ஒரு துளி. 200 நிறுவனங்கள் சேர்ந்து சொன்னால் இழப்பு இரு பக்கமும் வலிக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு விலை என்ற வித்தையும் செல்லாது. இன்னொன்று: வாங்குபவர்கள்தாம் எழுதுபவர்களும். கட்டுரையை எழுதுவது அவர்கள், பிறர் கட்டுரையைச் சம்பளமின்றி மதிப்பீடு செய்வதும் அவர்கள். அறிவியல் கட்டுரை எண்ணிக்கையில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் இருக்கும் இந்தியாவைப் பதிப்பகங்கள் வெறும் வாடிக்கையாளராக மட்டும் பார்க்க முடியாது.

ஜெர்மனி இதைச் செய்து காட்டியது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் 'டீல்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி ஆகிய மூன்று பெரிய பதிப்பகங்களோடு பேசத் தொடங்கின. எல்சேவியருடன் பேச்சு முறிந்து, 2018 ஜூலையில் சுமார் 200 நிறுவனங்களுக்குப் புதிய கட்டுரைகள் அடைக்கப்பட்டன. ஆய்வுகள் நின்றுவிடவில்லை. முன்பு பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களை, சந்தா முடிந்த பிறகும் படிக்கும் உரிமை பல நூலகங்களின் பழைய ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருந்தது. புதியவற்றுக்கு, இதழில் வருமுன்பே ஆசிரியர்கள் கட்டுரையை இலவசமாகப் போட்டுவைக்கும் ஆர்க்கைவ் போன்ற முன்பதிப்புத் தளங்கள் இருந்தன. கட்டுரையாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பிரதி வந்தது. அடைக்கப்பட்டால் தாங்க முடியும் என்று தெரிந்த தரப்பால்தான் பேரத்தில் எழுந்து போக முடியும். வைலியோடு 2019 ஜனவரியிலும், ஸ்பிரிங்கர் நேச்சரோடு 2020 ஜனவரியிலும், எல்சேவியரோடு 2023 செப்டம்பரிலும் ஒப்பந்தம் முடிந்தது. பத்து வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகமும் இதேபோல் 2019 பிப்ரவரியில் எல்சேவியரை விட்டு வெளியேறி, 2021 மார்ச்சில் தான் கேட்ட வகையான ஒப்பந்தத்தோடு திரும்பியது.

அவர்கள் கேட்டது விலைக் குறைப்பை மட்டும் அல்ல. பணம் எதற்குப் போகிறது என்பதையே மாற்றினார்கள். ஜெர்மனியின் வைலி ஒப்பந்தத்தில் படிப்பதற்கென்று தனிச் சந்தா கிடையாது. ஜெர்மன் ஆய்வாளர் வெளியிடும் ஒவ்வொரு கட்டுரைக்கும் 2,750 யூரோ. பதிலுக்கு அந்தக் கட்டுரை உலகம் முழுவதும் எவரும் இலவசமாகப் படிக்கத் திறந்திருக்கும். ஒப்பந்தத்தையும் பொதுவில் வைத்தார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. படிப்பவர் முன் இருந்த சுவர் எழுதுபவர் முன் போய் நிற்கிறது. 2,750 யூரோ என்பது இங்கே ஓர் ஆய்வு மாணவரின் பல மாத உதவித்தொகை. அந்த மாதிரியை அப்படியே இங்கே நடுவதை என்னால் ஏற்க முடியாது.

நம் நாட்டில் சேர்ந்து வாங்கும் பழக்கம் புதிதல்ல. வானியல் நூலகங்கள் 1981-லேயே 'ஃபோர்சா' என்ற பெயரில் கைகோத்தன. 2003 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கான யுஜிசி-இன்ஃபோநெட் மின்னூலகக் கூட்டமைப்பை அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். பிறகு மருத்துவத்துக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று, உயிரித் தொழில்நுட்பத்துக்கு ஒன்று என்று அமைச்சகத்துக்கு அமைச்சகம் பத்துக் கூட்டமைப்புகள். ஒரே பதிப்பகத்தோடு பல மேசைகளில் அரசின் பல கைகள் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தன. அவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததுதான் புதிய திட்டத்தின் உண்மையான சாதனை என்பேன். 6,000 கோடி பெரிய தொகைதான். ஆனால் மாவட்டத் தலைநகரில்கூட இல்லாத ஓர் அரசுக் கல்லூரியும் ஐஐடியும் ஒரே நாளில் ஒரே கட்டுரையைப் படிக்க முடிவதற்கு அது தகும்.

குறையும் சொல்லியாக வேண்டும். முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் சுயநிதிக் கல்லூரிகள். அந்த மாணவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். பொது மக்களும் அப்படித்தான். வரிப்பணத்தில் நடந்த ஆய்வை, வரிப்பணத்தில் சந்தா கட்டிய பிறகும், வரி கட்டியவர் படிக்க முடியவில்லை. திறந்த இதழ்களில் வெளியிடுவோருக்கு உதவ ஆண்டுக்கு 150 கோடி வைத்திருக்கிறார்கள். படிப்பதற்குப் போகும் 2,000 கோடிக்கு முன்னால் அது மிகக் குறைவு. சி.வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமி தன் இதழ்களைத் தன் தளத்தில் இன்றும் இலவசமாகவே தருகிறது. எழுதுபவரும் படிப்பவரும் பணம் கட்டத் தேவையில்லாத அத்தகைய இதழ்களை வளர்க்க அந்த 2,000 கோடியில் பத்தில் ஒரு பங்கு போனாலும் அடுத்த பேரத்தில் நம் கை ஓங்கும்.

அந்த அடுத்த பேரம் தொலைவில் இல்லை. இப்போதைய ஒதுக்கீடு 2027-உடன் முடிகிறது. அப்போது மேசைமேல் வைக்கப்படும் முக்கியமான காகிதம் பயன்பாட்டுக் கணக்கு. 'கவுண்டர்' என்ற பன்னாட்டு விதிமுறையை ஏற்ற ஒவ்வொரு பதிப்பகமும், எந்த நிறுவனத்தில் எந்த இதழ் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று மாதாமாதம் அறிக்கை தர வேண்டும். பொறுமையிழந்து ஒரே இணைப்பை 30 விநாடிக்குள் இரண்டு முறை சொடுக்கினால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்பதுவரை அந்த விதிகள் நுணுக்கமானவை. யாருமே திறக்காத இதழ்கள் எவை என்பது இந்த அறிக்கையைச் சந்தாப் பட்டியலோடு ஒப்பிட்டால் அகப்படும்; "இவற்றுக்கு ஏன் பணம்?" என்று நம் தரப்பு கேட்க முடியும். திருட்டுத் தளத்தில் இறக்கினால் அது எந்தக் கணக்கிலும் வராது. ஆகவே கல்லூரி வழியாகவே படியுங்கள், நண்பர்களுக்கும் நுழையக் கற்றுக்கொடுங்கள்.

தனியார் கல்லூரியில் படிப்பவர்கள் இரண்டாம் கட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுரையின் தலைப்பை முன்பதிப்புத் தளங்களில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், கட்டுரையின் முதல் பக்கத்திலேயே தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நீங்கள் யார், எதற்குத் தேவை என்று மூன்று வரி எழுதிப் பிரதி கேளுங்கள். இதழ் ஏற்றுக்கொண்ட, ஆனால் பதிப்பகம் இன்னும் பக்க வடிவமைப்புச் செய்யாத பிரதியைத் தனிப்பட்ட முறையில் பகிர, பெரும்பாலான பதிப்பகங்கள் ஆசிரியரை அனுமதிக்கின்றன.