அக்கோர்ட்: ஒரே சொல், இரண்டு கூலிக் கணக்கு

ஜெர்மன் மொழியில் 'அக்கோர்ட்' என்றால் இரண்டு பொருள். பல சுரங்கள் ஒன்றுசேர்ந்து ஒலிப்பது ஒன்று. செய்த வேலையின் அளவுக்கு ஏற்பக் கூலி வாங்குவது இன்னொன்று. ரஷ்ய மொழியிலும் இதே சொல் 'அக்கோர்த்' என்று வழங்குகிறது. அங்கும் இசைக்கு ஒன்று, கூலிக்கு ஒன்று. ஆனால் ஜெர்மன்காரர் சொல்லும் அக்கோர்ட் கூலியும் ரஷ்யர் சொல்லும் அக்கோர்த் கூலியும் ஒன்றல்ல. கட்டட வேலை, கூலி சம்பந்தமான எழுத்துகளை இந்த இரண்டு மொழிகளிலிருந்தும் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

வேர் இரண்டுக்கும் பிரெஞ்சுதான். 'அக்கோர்' என்றால் உடன்பாடு, இசைவு. தமிழில் இசை என்ற சொல்லும் இப்படித்தான் இரண்டு பக்கமும் நிற்கிறது: பாட்டும் இசை, ஒத்துக்கொள்வதும் இசைவு. பொருத்தம் அழகாக இருக்கிறது என்பதற்காக 'இசைவுக் கூலி' என்று எழுதிவிடக் கூடாது. சாரத்தின் மேல் நிற்கும் எந்தக் கொத்தனாருக்கும் அது புரியாது. வேர்ச்சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, கூலி எப்படிக் கணக்காகிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி.

ஜெர்மன் கணக்கை முதலில் பார்ப்போம். அங்கே அக்கோர்ட் கூலி இரண்டு வகை. ஓர் அலகு வேலைக்கு இவ்வளவு பணம் என்று நேரடியாக வைப்பது 'கெல்ட் அக்கோர்ட்', அதாவது பணக் கணக்கு. ஓர் அலகு வேலைக்கு இத்தனை நிமிடம் என்று வைத்து, அந்த நிமிடத்துக்குப் பணம் தருவது 'ட்ஸைட் அக்கோர்ட்', நேரக் கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 60 நிமிடம், மணிக்கு 20 யூரோ என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் ஒருவர் பத்து சதுர மீட்டர் எழுப்பிவிட்டால் அவர் கணக்கில் விழுவது பத்து மணி நேரக் கூலி, 200 யூரோ. அந்த 60 நிமிடத்துக்கு 'ஃபோர்காபெட்ஸைட்' என்று பெயர். முன்கூட்டியே விதித்த நேரம். 1924-ல் தொடங்கிய ரேஃபா அமைப்பு, கையில் கடிகாரத்தோடு வேலையை அளந்து இந்த நேரத்தை நிர்ணயிக்கும் முறையையே ஒரு தனிக் கலையாக வளர்த்தது.

இதில் தொழிலாளிக்கு உள்ள ஆபத்தைச் சட்டமும் பார்த்திருக்கிறது. 18 வயது நிரம்பாதவர்களை அக்கோர்ட் வேலையில் அமர்த்துவதற்கு ஜெர்மன் இளையோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் தடை உண்டு. அலகுக்கு எவ்வளவு என்பதை முதலாளி தன்னிஷ்டத்துக்கு எழுத முடியாது. நிறுவனத்தில் தொழிலாளர் மன்றம் இருந்தால் அதன் சம்மதம் வேண்டும். 'அக்கோர்ட் இஸ்ட் மோர்ட்' என்று பழைய தொழிற்சங்க முழக்கமே இருக்கிறது. மோர்ட் என்றால் கொலை. எதுகைக்காகச் சொன்னது மட்டுமில்லை. வேகத்துக்குக் காசு என்றால் முதுகும் முழங்காலும்தான் முதலில் போகும்.

இப்போது ரஷ்யா. ஜெர்மன் அக்கோர்ட்டுக்கு நேரான ரஷ்யச் சொல் அக்கோர்த் இல்லை, 'ஸ்தேல்னயா'. செய்து முடித்ததற்குத் தரும் கூலி. இதற்குள் பல வகை உண்டு: நேர் கணக்கு, போனஸோடு சேர்ந்தது, அளவு கூடக்கூட விகிதமும் கூடுவது. இந்த வகைகளில் ஒன்றுதான் அக்கோர்த். கல்லுக்கு இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போடாமல், முழு வேலைக்கும் ஒரு தொகை, ஒரு கெடு. கெடுவுக்கு முன்னால் முடித்தால் கூடுதல் தொகை. தமிழ்நாட்டுச் சைட்டுகளில் 'மொத்தமா பேசி விட்டாச்சு' என்றும் 'லம்சம்' என்றும் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

ரஷ்யப் படை முகாம்களில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. சேவைக்காலம் முடியப்போகிற சிப்பாயிடம் ஒரு வேலையை, பெரும்பாலும் கட்டுகிற வேலையோ பழுதுபார்க்கிற வேலையோ, ஒப்படைப்பார்கள். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். இதன் பெயர் 'தேம்பெல்ஸ்கி அக்கோர்த்'. மொத்தமாக ஒரு வேலை, முடித்தால் விடுதலை என்ற கூலிப் பொருளும், கச்சேரியின் கடைசிச் சுரம் என்ற இசைப் பொருளும் ஒன்றாக ஒலிக்கிற இடம் அது. இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் பிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. 'விடைபெறும் வேலை' என்று எழுதிப் பொருளைக் காப்பாற்றலாம், இசை போய்விடும்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? அகராதிகளைத் திறந்தால் பலர் கை நீளுவது 'ஒப்பந்தக் கூலி' என்ற சொல்லுக்குத்தான். அதை நான் ஏற்கவில்லை. 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் ஒப்பந்தம் என்றாலே நடுவில் ஓர் ஒப்பந்ததாரர் வந்து நின்றுவிடுகிறார். 'ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்தார்' என்று படிப்பவர் மனதில் பி.எஃப். இல்லாத, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படக்கூடிய ஆள் வருவார். ஜெர்மன் அக்கோர்ட் தொழிலாளி அந்த நிறுவனத்தின் சொந்த ஆள். நிரந்தரப் பணியாளராகவும் இருக்கலாம். கணக்கு மட்டும்தான் வேறு. அதனால் ஜெர்மன் அக்கோர்ட்டுக்கும் ரஷ்ய ஸ்தேல்னயாவுக்கும் 'அளவுக்கூலி' என்பதே பொருந்தும். சதுர அடிக்கு இவ்வளவு, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கும் பழக்கம் நம்மிடமும் உள்ளதுதான். தையல் கூடம் மாதிரி எண்ணிக் கொடுக்கும் இடமென்றால் 'உருப்படிக் கூலி'. ரஷ்ய அக்கோர்த்துக்கு 'மொத்தக்கூலி'. இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம் நிற்பது நேரக்கூலி அல்லது நாள்கூலி.

ரஷ்யக் கட்டட உலகில் கூலியைப் பற்றிப் பேச வேண்டுமானால் 'நர்யாத்' என்ற தாளைத் தாண்டிப் போக முடியாது. சாதாரண ரஷ்யனில் நர்யாத் என்றால் உடை, அலங்காரம் என்றும் பொருள் இருப்பதால் அகராதியை மட்டும் நம்பினால் விபரீதம்தான். சைட்டில் நர்யாத் என்பது வேலைத்தாள். என்ன வேலை, எந்த அலகு, எத்தனை அலகு, அலகுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்று கட்டம் கட்டமாக இருக்கும். சோவியத் காலத்தில் இந்த நேரத்தையும் காசையும் நாடு முழுவதுக்குமான விகிதப் புத்தகம் பார்த்து எழுதினார்கள். வேலை முடிந்து அளந்து கையெழுத்துப் போடுவதற்கு 'நர்யாத்தை மூடுவது' என்று பெயர். இதை 'மூடினார்' என்று அப்படியே எழுதினால் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று தமிழில் பொருள்படும். நம் பொதுப்பணித் துறையில் எம்-புக் எழுதுவது என்பார்கள். அளவெடுத்து, புத்தகத்தில் ஏற்றி, பில் போடுவது. 'அளவெழுதிக் கணக்கு முடித்தார்' என்றால் பொருள் சேதமில்லாமல் வரும். செய்யாத வேலையையும் தாளில் ஏற்றி ஆட்களுக்குக் கூலி கூட்டிக் கொடுக்கும் வழக்கத்துக்கும் ரஷ்யனில் ஒரு சொல் உண்டு, 'பிரிப்பீஸ்கி'. கள்ளக்கணக்கு என்று எழுதிவிடலாம்.

தாளில் வந்த தொகை குழுவுக்குச் சேர்ந்தது. அதை ஆளுக்கு ஆள் பிரிக்கும்போது, அவரவர் தொழில் தரத்தோடு, யார் எவ்வளவு ஈடுபாட்டோடு உழைத்தார் என்பதற்கும் ஓர் எண் வைத்துப் பெருக்குவதுண்டு. எழுத்துச் சுருக்கம் 'கா-டே-ஊ'. உழைப்புப் பங்கெண் என்று வைத்துக்கொள்ளலாம். 1970-ல் செலெனோகிராத் நகரில் நிக்கலாய் ஸ்லோபின் என்ற குழுத்தலைவர் ஒரு கட்டடத்தை முழுதாகத் தன் குழுவின் பொறுப்பில் எடுத்துக் கட்டிக் காட்டியதிலிருந்து 'குழுப் பொறுப்பு' முறை நாடெங்கும் பேசப்பட்டது. இது அக்கோர்த்திலிருந்து ஒரு படி மேலே: கூலி மட்டுமில்லாமல் செலவுக் கணக்கும் குழுவின் தலையில்.

இந்தத் தாளில் கையெழுத்திடும் ஆள் 'பிரராப்'. 'வேலைகளை நடத்துபவர்' என்று பொருள்படும் இரண்டு சொற்களின் முதல் அசைகளைச் சேர்த்து உண்டாக்கிய பெயர். கொர்பச்சோவ் காலத்தில் சீர்திருத்தக்காரர்களை 'பெரெஸ்த்ரோய்காவின் பிரராப்கள்' என்று அழைத்தார்கள். பெரெஸ்த்ரோய்கா என்றாலே மறுபடி கட்டுவது என்பதால் அந்த உருவகம் ரஷ்யர் காதில் உடனே ஏறியது. பிரராப் நம் மேஸ்திரி அல்ல, சைட் இன்ஜினியர். களப் பொறியாளர் என்று எழுதலாம். மேஸ்திரிக்கு நெருக்கமானவர் 'பிரிகதீர்': தானும் ஆட்களோடு நின்று வேலை செய்வார், கூலியைப் பிரிக்கும்போது அவர் பேச்சு எடுபடும்.

ஜெர்மன் சைட்டில் இவர்களுக்கு நடுவே நிற்பவர் 'பொலியர்'. ஜெர்மன்காரர்களே இதைப் 'பொலீரென்', அதாவது மெருகேற்றுவது என்ற வினையோடு சேர்த்து நினைப்பதுண்டு. உண்மையில் பழைய வடிவம் 'பார்லியர்'. பேசுவது என்ற பிரெஞ்சு 'பார்லே'யிலிருந்து வந்தது. தேவாலயம் கட்டும் கல்தச்சர் குழுவில் தலைமைச் சிற்பிக்கும் ஆட்களுக்கும் நடுவே பேசுகிறவர். பிராகா நகரின் புனித வீத்துஸ் பேராலயத்தை 14-ம் நூற்றாண்டில் எழுப்பிய பீட்டர் பார்லரின் குடும்பப் பெயரே இந்தப் பதவியிலிருந்து வந்ததுதான். தமிழில் 'தலைமைக் கொத்தனார்' என்றால் கௌரவமும் வரும், அதிகாரமும் வரும். 'மைஸ்டர்' என்பதை ஒலி ஒத்துப்போகிறது என்று மேஸ்திரி ஆக்கக் கூடாது. இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து, ஒன்று நேராகவும் மற்றது போர்த்துகீசியர் வழியாகவும் வந்தவை என்பது உண்மை. ஆனால் மைஸ்டர் என்பது தேர்வு எழுதி வாங்கும் சட்டப்பூர்வத் தகுதி. மேஸ்திரி என்பது ஆட்களைக் கூட்டிவந்து வேலை முடிக்கும் திறமைக்கு நாம் வைத்த பெயர்.

இதையெல்லாம் விட எனக்கு அதிகக் கவலை தருவது ஒரு சின்னச் சொல்: ரஷ்ய 'அவான்ஸ்'. பார்த்ததும் அட்வான்ஸ், முன்பணம் என்று எழுதத் தோன்றும். ரஷ்யத் தொழிலாளர் சட்டப்படி குறைந்தது அரை மாதத்துக்கு ஒரு தடவை சம்பளம் தந்தாக வேண்டும். மாதத்தின் முதல் பாதியில் செய்த வேலைக்குத் தரும் தொகையைத்தான் மக்கள் அவான்ஸ் என்கிறார்கள். அது ஏற்கெனவே உழைத்த பணம். நம் ஊரில் அட்வான்ஸ் என்பது உழைப்பதற்கு முன்னால் கைமாறுவது. செங்கல் சூளையில் அதை வாங்கிய குடும்பம் கடனைக் கழிக்கும்வரை அங்கிருந்து நகர முடியாது. கொத்தடிமை முறையின் கயிறே அதுதான். ரஷ்யத் தொழிலாளி 'அவான்ஸ் வாங்கினேன்' என்பதை 'முன்பணம் வாங்கினேன்' என்று எழுதினால், உரிமையாக வாங்கியவரைக் கடனாளி ஆக்கிவிடுகிறோம். 'அரைமாதச் சம்பளம்' என்று எழுதுங்கள். ஜெர்மன் இந்த இடத்தில் தெளிவானது: உழைக்கும் முன் தருவது 'ஃபோர்ஷுஸ்', உழைத்ததில் ஒரு பகுதியை முதலில் தருவது 'அப்ஷ்லாக்'.

கூலிக்கும் சம்பளத்துக்கும் நாம் பார்க்கும் வித்தியாசம் ஜெர்மனில் அப்படியே உண்டு. கைவேலை செய்பவருக்கு 'லோன்', அலுவலகத்தில் இருப்பவருக்கு 'கெஹால்ட்'. முன்னது கூலி, பின்னது சம்பளம் என்று தயங்காமல் எழுதலாம். இந்தப் பிரிவு வேண்டாம் என்று 2005-ல் வந்த பொதுத்துறை ஊதிய உடன்பாட்டில் இரண்டையும் நீக்கி 'எண்ட்கெல்ட்' என்று ஒன்றாக்கினார்கள். அதற்கு நம் 'ஊதியம்' பொருத்தமானது. ரஷ்யனில் 'ஸார்ப்லாத்தா' எல்லோருக்கும் பொது. கூலி என்ற சொல்லைத் தாழ்வாக நினைத்து ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறளில் அந்தச் சொல் நிமிர்ந்துதான் நிற்கிறது.

பிடித்தம் போக மிஞ்சுவதை ரஷ்யர்கள் 'நா ருக்கி' என்கிறார்கள், அப்படியே நம் 'கைக்கு'. 'கைக்கு எவ்வளவு வரும்?' இதற்கு மேல் ஒரு மொழிபெயர்ப்பு தேவையில்லை. கவர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பழைய ஜெர்மனியில் 'லோன்ட்யூட்டெ' என்ற காகித உறையில் ரொக்கமாகக் கூலி தந்தது முழுக்க முறையான வழக்கம். ரஷ்யனில் 'உறையில் சம்பளம்' என்றால் வரிக்கணக்கில் காட்டாமல் தருவது. முதலாவது கூலிக் கவர், இரண்டாவது கணக்கில் வராத சம்பளம்.

கடைசியாக ஒரு ஜோடி. சோவியத் காலத்தில் கோடை விடுமுறையில் கிராமங்களுக்குப் போய், கூட்டுப் பண்ணைகளுக்கு மாட்டுத் தொழுவமும் கொட்டகையும் மொத்தக்கூலிக்குக் கட்டிக்கொடுத்தவர்களை 'ஷபாஷ்னிக்' என்றார்கள். 'ஷபாஷ்' என்றால் வேலை முடிந்தது, கையை எடு. யூதர்களின் ஓய்வுநாள் பெயரிலிருந்து வந்தது. பாரசீக வழியில் நமக்கு வந்த சபாஷுக்கும் இதற்கும் உறவில்லை. கிழக்கு ஜெர்மனியில் வேலை நேரம் முடிந்த பிறகு தனியாகக் கட்டட வேலை செய்த குழுக்களுக்கு 'ஃபையர்ஆபெண்ட்' குழுக்கள் என்று பெயர். ஃபையர்ஆபெண்ட் என்பது முதலில் திருநாளுக்கு முந்தின மாலை. அப்புறம் தினமும் வேலை விடும் நேரம். ஓய்வுக்கு வைத்த இரண்டு புனிதச் சொற்களும், ஓய்வு நேரத்தில் செய்யும் வேலையின் பெயராகிப் போயின. தமிழில் 'வெளிவேலை' என்று எழுதுவேன். 'பகல்ல கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை வெளிவேலை' என்று எந்தக் கொத்தனாரும் சொல்லக்கூடிய சொல் அது. ஷபாஷ்னிக் என்ற ஆளுக்கு 'வெளிவேலைக்காரர்'.