நல்ல ஸ்கூல் எது என்று கேட்பதற்கு முன்

குன்னூரிலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறவர்களானாலும், கோத்தகிரியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ ஓட்டல் வேலைக்குத் துபாய் போகிறவர்களானாலும், விசா வந்த கையோடு கேட்பது "அங்கே நல்ல ஸ்கூல் எது?" என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளை எந்த வகுப்பில் மாறப்போகிறான், பிளஸ் டூவுக்கோ கல்லூரிக்கோ தமிழ்நாட்டுக்கே திரும்புவானா என்ற இரண்டும் தெளிவானால் பள்ளிப் பட்டியல் தானே சுருங்கிவிடும்.

இங்கிலாந்தில் மார்க் ஷீட்டைப் பார்த்து வகுப்புத் தரமாட்டார்கள், வயதுதான் கணக்கு. செப்டம்பர் 1 முதல் மறு ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. நம் ஊரில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-இல் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். இந்த ஒரு மாத வித்தியாசம் ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளைத்தான் பிடிக்கும். 2011 ஆகஸ்டில் பிறந்தவன் இந்தக் கணக்குப்படி 2025 ஜூனில் இங்கே ஒன்பதாம் வகுப்பு. அங்கேயோ அதே செப்டம்பரில் 'இயர் 10', ஜி.சி.எஸ்.இ. என்ற பொதுத்தேர்வுக்கான இரண்டு வருடப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்தால் சமாளித்துவிடலாம். 'இயர் 11' நடுவில் போய் இறங்கினால் பாதிப் பாடம் முடிந்திருக்கும், விருப்பப் பாடங்களைப் பிரித்துக் கொடுத்தும் ஆகியிருக்கும். அந்த நிலையில் உள்ள பிள்ளை தாத்தா பாட்டியிடமோ விடுதியிலோ இருந்து இங்கேயே பத்தாம் வகுப்பை முடிப்பது நல்லது.

அங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. பெரும்பாலும் உள்ளூர் கவுன்சில் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். போட்டி வந்தால் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம்தான் பல இடங்களில் தீர்மானிக்கும். அதனால் முதலில் பள்ளி, பிறகு வாடகை வீடு. இடம் மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

துபாய் கதை வேறு. நம்மவர்கள் சேர்ப்பது தனியார் பள்ளியில், கட்டணம் உண்டு. ஆஃபர் லெட்டரில் பள்ளிக் கட்டணம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், வாய்ப்பேச்சு செல்லாது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கும், பிரிட்டிஷ் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே படிப்பு, பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. எட்டாவது முடித்தோ பத்தாவது முடித்தோ மாறினால் சிக்கல் குறைவு.

துபாய் போகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது டி.சி.யில். பள்ளி கொடுத்ததை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மேலொப்பம் வாங்கி, மாநிலக் கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று ஒவ்வொரு முத்திரையாகப் பெற வேண்டும். கடைசி முத்திரை அமீரக வெளியுறவு அமைச்சகத்தில். மலையிலிருந்து இறங்கி ஏறும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். டி.சி.யில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால், இரண்டும் ஒருவரே என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சான்று வாங்கி வையுங்கள். எந்த வகுப்பில் தேர்ச்சி, எந்த வகுப்புக்குத் தகுதி என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

திரும்பி வரும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நடுவில் இரண்டு வருடம் வெளியே போய் வந்தாலும் அது போனது போனதுதான். அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால் இதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

மலையிலேயே வெளிநாட்டுப் பாடத்திட்டம் உண்டு: கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டம், ஊட்டி ஹெப்ரானில் பிரிட்டிஷ் பாடம். கட்டணத்தைக் கேட்டால் லண்டனே பக்கமாகத் தெரியும்.

விசா கைக்கு வரும்முன் டி.சி.யை வாங்கிவிடாதீர்கள். பயணம் தள்ளிப்போனால் இங்கே இருந்த இடமும் போய்விடும்.