சாயம் நின்னுருச்சு, உப்பு இன்னும் நடந்துட்டு இருக்கு

நிலத்தடி நீர்ல கழிவு எந்தப் பக்கம் போகும், எப்போ எந்தக் கிணத்துக்கு வந்து சேரும்னு கம்ப்யூட்டர்ல மாடல் போட்டுக் குடுக்குறதுதான் என் பொழப்பு. ஃபீல்டுக்குப் போனா யாராவது ஒருத்தர் ஒரு டம்ளர் தண்ணிய வெளிச்சத்துல தூக்கிக் காமிச்சு "பாருங்க சார், பளிங்கு மாதிரி இருக்கு, இதுல என்ன இருக்கப்போகுது"ம்பாங்க. அவங்களுக்காகவே ஆபீஸ்ல ஒரு பைப் வச்சிருக்கேன்.

ஒரு மீட்டர் பிவிசி பைப்பு, அடியில வலைத்துணி, உள்ள களிமண் கொஞ்சம் கலந்த மணல், அவ்ளோதான். மேல இருந்து உப்பும் மெத்திலின் ப்ளூங்குற நீலச் சாயமும் கரைச்ச தண்ணிய ஊத்துவேன். கீழ பக்கெட்டுல சொட்டுறது தெளிவா இருக்கும், ஏன்னா நீலம் களிமண்ணுலயே ஒட்டிக்கும். பாக்குறவங்க "அட சுத்தமாயிருச்சே"ன்னு சொல்லி முடிக்குறதுக்குள்ள, தண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு எத்தன மில்லிகிராம்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர விட்டா நம்பர் ஏற ஆரம்பிச்சிருக்கும், அதுவும் டக்குனு குதிக்காது, 300, 340, 500, 900-னு மெதுவாத்தான் ஏறும். மணலுக்கு நடுவுல எல்லாத் தண்ணியும் ஒரே வழியில போறதில்ல, கொஞ்சம் பெரிய சந்துல குறுக்க போயிரும், கொஞ்சம் சின்னச் சந்துல சுத்திச் சுத்தி லேட்டா வரும், அந்தப் பரவலத்தான் நாங்க டிஸ்பெர்ஷன்னு சொல்றோம். அப்புறம் உப்ப நிறுத்திட்டு நல்ல தண்ணி ஊத்திப் பாருங்க, நம்பர் ஏறுன வேகத்துல எறங்கவே எறங்காது. மூலை முடுக்குல போய் உக்காந்த உப்பு ஒண்ணொண்ணா வெளிய வந்துட்டே இருக்கும்.

நொய்யல் ஆத்துக் கரையில நடந்ததும் இதேதான், என்ன, பைப்பு பெருசு. பருத்தித் துணியில சாயம் பிடிக்கணும்னா உப்ப அள்ளிக் கொட்டணும், திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணியில கலரு கண்ணுக்குத் தெரிஞ்சுது, உப்பு தெரியல. 1992-ல பாசனத்துக்குன்னு கட்டுன ஒரத்துப்பாளையம் அணையில அந்தத் தண்ணி தேங்கி நின்னு சுத்துவட்டாரக் கிணத்துக்கெல்லாம் எறங்குச்சு. கழிவ வெளிய விடாத பட்டறைதான் ஓடணும்னு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னது எல்லாருக்கும் தெரியும். வெளிய விடுறத நிறுத்துனா ஆறு சீக்கிரம் மாறிடும், செகண்டுக்கு அரை மீட்டர் ஓடுற தண்ணி ஒரு நாளைக்கு 43 கிலோமீட்டர் போயிரும். நிலத்தடி நீர் அப்படி இல்ல. 1856-ல ஹென்றி டார்சின்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் மணல் நிரப்புன குழாய்ல தண்ணி விட்டுக் கண்டுபிடிச்ச கணக்குதான் இன்னைக்கும் எங்க மாடலுக்கு அடித்தளம். அதுல நல்லா தண்ணி விடுற மணல், கிலோமீட்டருக்கு 2 மீட்டர் சரிவு, 20 சதவீதம் எடவெளி, அதாவது மொத்தத்துல தண்ணி போக இருக்குற சந்து இவ்ளோன்னு போட்டா வர்ற விடை ஒரு நாளைக்கு 10 சென்டிமீட்டர். வருஷத்துக்கு 36 மீட்டர்!

இந்த 20 சதவீதத்துலதான் நான் ஒரு தடவ நல்லா மாட்டுனேன். பாறைப் பூமி, 360 மீட்டர் தள்ளி ஒரு குடிதண்ணி போர், நான் பழக்கதோஷத்துல புக்குல இருந்த 20-அ அப்படியே போட்டுட்டு கழிவு வந்து சேர பத்து வருஷம் ஆகும்னு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டேன். வருஷம் முடியறதுக்குள்ள அந்த போர்ல உப்பு ஏறிருச்சு. பாறையில தண்ணி போறது வெறும் வெடிப்பு வழியா, எடவெளி 1 சதவீதம்தான் இருக்கும், அப்போ அதே தண்ணி இருபது மடங்கு வேகமா, ஆறே மாசத்துல போயிரும். கழிவு எங்க பரவும்னு ரிப்போர்ட்டுல போட்ட படம் செகப்பு மஞ்சள் பச்சைன்னு ரொம்ப அழகா வந்திருந்துச்சு வேற.

அதனால உங்க ஊர்ல கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்து இப்படி ஒரு கலர் படத்தக் காமிச்சா, இந்த எடவெளி நம்பர இங்க ஃபீல்டுல அளந்தீங்களா இல்ல புக்குல எடுத்தீங்களான்னு கேளுங்க. பக்கத்துத் தோட்டத்து போரெல்லாம் மோட்டார் ஓடுறப்போ தண்ணி அந்தப் பக்கம் திரும்பும், அத வச்சு ரன் பண்ணீங்களான்னும் கேளுங்க. எந்தப் பொருளுக்குப் போட்ட மாடல்ங்கறதும் முக்கியம். தோல் பதனிட வாங்குற குரோமியம் பெரும்பாலும் மண்ணுல ஒட்டிக்குற வகை, ராணிப்பேட்டையில மூடிக் கெடக்குற குரோமேட் ஃபேக்டரிக்குப் பக்கத்துல லட்சக்கணக்கான டன் குவிஞ்சு கெடக்குற கழிவுல இருக்குறது தண்ணியோடவே கரைஞ்சு ஓடுற மஞ்சள் வகை. பேரு ஒண்ணுதான், ஆனா ஒட்டுற வகைக்குப் போட்ட கணக்க ஓடுற வகைக்குக் காமிச்சா அது பொய்க் கணக்கு.

சென்னிமலைப் பக்கம் ஒரு பெரியவர் கேட்டாரு, "ஏனுங் தம்பி, மழ பேஞ்சா தண்ணி நல்லாயிருக்கோணுமில்லீங்க, இதென்னங்க இன்னும் ஏறுது?" மேல் மண்ணுல வருஷக்கணக்கா உக்காந்திருந்த உப்ப மொத மழை கழுவிக் கீழ எறக்குதுங்க அய்யா, அதான்னேன். அவரு பேசாம மோட்டார் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சொவுரு பூரா கரிக்கட்டையில தேதியும் நம்பரும். பையன் சில நூறு ரூவாய்க்கு வாங்கிக் குடுத்த டிடிஎஸ் மீட்டர வச்சு மாசம் ரெண்டு தடவ, மழைக்கு முன்னாடி, மழைக்குப் பின்னாடின்னு எழுதி வச்சிருக்காரு. குடிக்க 500-க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2000 வரைன்னு நம்ம தரக்கட்டுப்பாடு சொல்லுது, அந்தச் சொவுத்துல 2000-க்குக் கீழ ஒரு நம்பரக்கூட காணோம்.

என் மாடல்ல நான் நம்பிப் போட்ட நம்பருங்க அதுதான், லேப் ரிப்போர்ட்டு வருஷத்துக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. போன பொங்கலுக்கு மறுபடி போனப்போ ரூமுக்கு வெள்ளையடிச்சிருந்தாங்க, அந்த ஒரு பக்கச் சொவுத்த மட்டும் அப்படியே விட்டுட்டு.