ஊர் மாறினால் ஜெபம் ஏன் நின்றுபோகிறது?

நாகர்கோவிலிலோ பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ வளர்ந்து, படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்கு வரும் கிறிஸ்தவ இளைஞர்கள் பலரிடம் ஒரே மாதிரியான மாற்றத்தைக் காணலாம். ஊரில் இருந்தவரை, மாலையில் ஆலய மணி அடித்ததும் பாய் விரித்து, பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தவர்கள், துரைப்பாக்கத்திலோ வேளச்சேரியிலோ ஒரு விடுதி அறைக்கு வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே வேதத்தைத் திறப்பதை விட்டுவிடுகிறார்கள். வீட்டார் கலங்குகிறார்கள், சபையில் சிலர் அதைப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்திலிருந்து விலகுதல் என்றே தீர்மானித்துவிடுகிறார்கள். அந்த இளைஞரிடம் பேசிப் பார்த்தாலோ, கடவுள் நம்பிக்கை அப்படியேதான் இருக்கிறது, ஏனோ ஜெபம் மட்டும் வரவில்லை என்பார். அவர் சொல்வது சாக்குப்போக்கு அல்ல என்பதற்குப் பழக்கங்களைப் பற்றிய ஆய்வுகளில் போதிய ஆதாரம் இருக்கிறது.

அடிக்கடி செய்வதெல்லாம் பழக்கம் ஆகிவிடாது என்பார்கள் உளவியல் ஆய்வாளர்கள். ஓர் இடம், ஒரு நேரம், அதற்குச் சற்று முன் நடக்கும் ஒரு நிகழ்வு ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு செயல் பலமுறை நடந்துவிட்டால், பிறகு அந்தச் சூழல் தென்பட்டதுமே, மனம் முடிவெடுக்கும் முன்பே, செயல் தானாகத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட்டும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர்கள் அன்றாடம் செய்தவற்றில் ஏறத்தாழ 43 சதவீதம் இப்படிப் பழக்கத்தால் நடந்தவை என்று தெரியவந்தது. அவரே 2005-இல், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தார். உடற்பயிற்சி, செய்தித்தாள் வாசிப்பு, தொலைக்காட்சி பார்ப்பது ஆகிய மூன்றிலும், புதிய இடத்தின் சூழல் பழையதைப் போலவே இருந்தவர்களுக்குப் பழக்கம் தொடர்ந்தது. சூழல் மாறியவர்களுக்குப் பழக்கத்தின் பிடி தளர்ந்து, ஒவ்வொரு முறையும் மனம் வைத்தால்தான் உண்டு என்று ஆயிற்று. மணியோசையும் பாயும், 'ஜெபத்துக்கு வா' என்று கூப்பிடும் அம்மாவின் குரலும் விடுதி அறைக்கு உடன் வருவதில்லை.

சூழலின் பிடி எவ்வளவு வலியது என்பதை 2011-இல் வெளியான வேறொரு சோதனை வேடிக்கையாகக் காட்டியது. திரையரங்கில் பாப்கார்ன் தின்றே பழகியவர்களுக்கு ஒரு வாரத்துக்கு முன் பொரித்து நமத்துப்போன பாப்கார்னைக் கொடுத்தபோது, சுவை பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, புதிதாகப் பொரித்ததைத் தின்றவர்கள் அளவுக்கு அவர்களும் தின்றார்கள். அதே பாப்கார்னை ஒரு கூட்ட அறையில் வைத்துக் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை.

மூளையில் இதற்குரிய இடம் பேசல் கேங்கிலியா எனப்படும் அடித்தள நரம்பணுத் திரள்கள். குறிப்பாக அவற்றுள் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆன் கிரேபியல், டி வடிவப் பாதையில் ஓடிச்சென்று இரையைத் தேடும் எலிகளின் மூளையில் இந்தப் பகுதியின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார். பாதை புதிதாக இருந்தபோது ஓட்டம் முழுவதும் துடித்த நரம்பணுக்கள், பாதை பழகிய பிறகு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் வலுவாகத் துடித்து, இடையில் அடங்கிவிட்டன. ஓட்டம் முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டதால், மூளைக்கு இடைப்பட்ட படிகளைத் தனித்தனியே யோசிக்கும் வேலை இல்லாமல் போயிற்று. இந்தப் பொட்டலம் கட்டும் வேலையில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளில், முதலில் பழச்சாறு நாக்கில் பட்டபோது கிளர்ந்த டோபமைன் நரம்பணுக்கள், பழகிய பின்னர் சாறு வரப்போவதை அறிவிக்கும் விளக்கைக் கண்டதுமே கிளர்ந்தன. எதிர்பார்த்த சாறு வராதபோது, அந்தக் கணத்தில் அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. விருப்பம் பரிசிலிருந்து அறிகுறிக்கு இடம் மாறுகிறது என்று இதைச் சுருக்கமாகப் புரிந்துகொள்ளலாம்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், திருச்சபையின் பழைய ஒழுங்குகள் பலவும் அறிகுறிகளைக் கவனமாக நட்டு வைத்திருப்பது தெரிகிறது. தானியேல் ஜெபித்ததாகச் சொல்லும் வேதப்பகுதி, அவர் என்ன ஜெபித்தார் என்பதைவிட எப்படி ஜெபித்தார் என்பதையே விவரமாகத் தருகிறது: மேலறை, எருசலேமுக்கு நேராகத் திறந்த பலகணி, நாளுக்கு மூன்று வேளை, முழங்கால், 'முன் செய்துவந்தபடியே'. கத்தோலிக்கர்களின் மூவேளை செபத்துக்குக் காலை, நண்பகல், மாலை என்று மணியே அடிக்கிறது. பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவிலுள்ள அந்தோணியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கிழமைக்கு எவ்வளவு இழுக்கும் வல்லமை உண்டு என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கே வருகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் போகலாமா வேண்டாமா என்று தீர்மானித்துக்கொண்டிருப்பதில்லை. செவ்வாய் வந்தால் கால் தானாகப் பாரிமுனைக்குத் திரும்புகிறது.

எத்தனை நாள் செய்தால் பழக்கமாகும் என்ற கேள்விக்கு, மேடைகளிலும் குறுங்காணொளிகளிலும் 21 நாள் என்ற விடை சுற்றிக்கொண்டிருக்கிறது. 21 நாள் உபவாச ஜெபம் நடத்தும் சபைகளில்கூட இதை அறிவியல் என்று சொல்லக் கேட்கலாம். இந்த எண்ணின் மூலம், அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாள் ஆகிறது என்று அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் 1960-இல் எழுதிய குறிப்பு. பழக்கத்தை அளந்து பெற்ற எண் அன்று. உண்மையிலேயே அளந்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர். 96 பேர் ஆளுக்கொரு சிறு செயலைத் தேர்ந்து, காலை உணவுக்குப் பிறகு என்பதுபோல ஒரே சூழலில் 12 வாரம் செய்துவந்தார்கள். செயல் தானியங்கி நிலையை எட்ட எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபடும் என்று கணக்கிடப்பட்டது. தண்ணீர் குடிப்பது விரைவில் படிந்தது, உடற்பயிற்சி தாமதித்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

சாம்பல் புதனிலிருந்து, ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாள் வரை நீளும் லெந்து என்ற தவக்காலம், ஞாயிறுகளையும் சேர்த்தால் 46 நாள்; அந்த 66 நாளை அது எட்டுவதில்லை. லெந்து காலத்தில் எடுத்த நல்ல முயற்சிகள் ஈஸ்டர் பிரியாணியோடு கரைந்துபோவதைக் கண்டு நொந்துகொள்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். கறுப்புடையும் காவியுடையும், மாலை ஆராதனையும், வீட்டில் மீன்கூட வாங்காத சமையலறையும் சேர்ந்துதான் அந்த நாட்களில் அறிகுறிகளாக இருந்தன. காலம் முடிந்ததும் அவை எல்லாம் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. லெந்திலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துச்செல்ல விரும்புகிறவர், அதை லெந்துக்கு வெளியேயும் இருக்கப்போகிற ஏதாவது ஒன்றோடு முதல் நாளிலேயே கட்டிவிடுவதுதான் முறை.

அப்படிக் கட்டும் வழியை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்திருக்கிறார். 'இனித் தினமும் வேதம் வாசிப்பேன்' என்ற தீர்மானத்தைவிட, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் அமைந்த திட்டம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பதை, 94 ஆய்வுகளைத் தொகுத்து அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் காட்டினார்கள். சென்னை வீடொன்றின் காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை மணி அலாரம் அலைபேசியில் அடிக்கிறது. அதை அணைக்கப்போன விரல் அப்படியே வாட்ஸ்அப்பைத் திறக்கிறது. குடும்பக் குழுவில் வந்து விழுந்திருக்கும் 'இன்றைய வசனம்' படத்துக்கு ஓர் ஆமென் போட்டுவிட்டு ரீல்ஸுக்குப் போய்விடுகிறது. இந்தச் சங்கிலியில் மன உறுதி நுழைய இடமே இல்லை. அலாரத்தை ஐந்நூறு ரூபாய்க் கடிகாரம் ஒன்றுக்கு மாற்றி, வேதத்தைச் சமையலறை அலமாரியில் காபிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, 'ஃபில்டரில் வெந்நீர் ஊற்றியதும் ஒரு சங்கீதம் வாசிப்பேன்' என்று முடிவுசெய்தால், டிகாக்‌ஷன் இறங்கும் பத்து நிமிடமும் வாசிப்புக்கு உரியதாகிவிடுகிறது. முடிவில் காத்திருக்கும் காபியே பரிசாகவும் அமைந்துவிடுகிறது. கிறிஸ்தவப் போதனையில் இச்சையடக்கம் ஆவியின் கனிகளுள் ஒன்று. தன்னடக்கம் மிகுந்தவர்கள் ஆசையோடு ஓயாமல் போராடி வெல்கிறவர்களாக இருப்பதைவிட, போராட்டமே எழாதபடி பழக்கங்களை அமைத்துக்கொண்டவர்களாக இருக்கிறார்கள் என்று பிரையன் கல்லாவும் ஏஞ்சலா டக்வொர்த்தும் 2015-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை காட்டுகிறது.

கெட்ட பழக்கத்தை விடுவது வேறு விதமான வேலை. பழைய இணைப்பு மூளையில் அழிவதில்லை. புதிய கற்றல் ஒன்று அதை மூடி வைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஓராண்டு குடிக்காதவர், பழைய கூட்டாளியைப் பழைய டாஸ்மாக் வாசலில் கண்டதும் தடுமாறுகிறார். பெருக்கி அலங்கரித்துக் காலியாக விடப்பட்ட வீட்டுக்கு, துரத்தப்பட்ட அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வருவதாக மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்லும் உவமையைப் படிக்கும்போது, ஒழித்தது போதாது, அந்த இடத்தில் வேறொன்றைக் குடியேற்றவும் வேண்டும் என்ற நடைமுறை அறிவுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் பாவ அறிக்கை, ஈடுசெய்தல் முதலிய வழக்கங்களிலிருந்து வளர்ந்து 1935-இல் அமெரிக்காவில் உருவான, குடியை விட முயல்கிறவர்கள் ஒன்றுகூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், குடித்த மாலையின் இடத்தில் கூட்டம் நடக்கும் மாலையை வைக்கிறது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு காக்ரேன்), தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் அந்த முறையும் அதன் வழிவந்த சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருப்பதாகக் கூறியது. இதன் பலனில் ஒரு முக்கியப் பங்கு, பழகும் ஆட்கள் மாறுவதிலிருந்து கிடைக்கிறது.

தவறிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் விசுவாசத்தின் பங்கு மிகவும் கூர்மையாகத் தெரிகிறது என்று நான் கருதுகிறேன். 1975-இல் உளவியலாளர் பீட்டர் ஹெர்மனும் உடன் ஆய்வாளரும், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு மில்க்‌ஷேக் குடிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீம் வைத்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் வயிறு நிறைந்ததால் குறைவாகச் சாப்பிட, கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ 'கெட்டது கெட்டுவிட்டது' என்பதுபோல அதிகமாகச் சாப்பிட்டார்கள். விழுந்தவரைக் கீழேயே பிடித்து வைப்பது முதல் தவற்றைவிட அதன்பின் வரும் இந்தக் கைவிடல்தான். 2010-இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 மாணவர்களிடம் நடந்த ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். ஞாயிறுதோறும் ஆராதனையின் தொடக்கத்திலேயே பொதுவான பாவ அறிக்கையையும் பாவமன்னிப்பு வாக்கையும் வைத்திருக்கும் வழிபாட்டு முறையும், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் கத்தோலிக்கர்களின் ஒப்புரவு அருட்சாதனமும், தவற்றைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்து அதே மூச்சில் மறுபடி தொடங்கும் இடத்தையும் கொடுத்துவிடுகின்றன. பயமுறுத்தி அழவைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் கன்வென்ஷன் பிரசங்கம் இதன் பாதியை மட்டுமே செய்கிறது. அந்தப் பாதி ஹெர்மனின் ஐஸ்கிரீம் மேசைக்குத்தான் ஆளைக் கொண்டுபோகும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. பழக்கத்தின் இயல்பே மனம் இல்லாமல் நடப்பது என்றால், பழக்கமான ஜெபமும் அப்படித்தானே ஆகும்? உதடு சொல்ல இருதயம் தூரமாயிருப்பதை வேதமே கண்டிக்கிறது. ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லிக்கொண்டே மறுநாள் சமையலைத் திட்டமிடாதவர்கள் குறைவு. உடலளவில் அதுவும் முற்றிலும் வீண் அல்ல: 23 பேரிடம் நடந்து 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான இத்தாலிய ஆய்வு, செபமாலையை லத்தீனில் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகத் தணிந்து, இதயத்தின் இரத்த அழுத்தச் சீரமைப்பும் மேம்பட்டதைக் காட்டியது. ஆனால் ஜெபிக்கிறவர் மூச்சைச் சீராக்குவதற்காக ஜெபிப்பதில்லை.

இங்கே பெஞ்சமின் கார்ட்னர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் செய்யும் பாகுபாடு உதவுகிறது. செயலைத் தொடங்குவது பழக்கமாவது வேறு, செயலைச் செய்துமுடிப்பது பழக்கமாவது வேறு என்கிறார் அவர். ஒரு செயல் எவ்வளவு அடிக்கடி நிகழும் என்பதை முன்கூட்டிச் சொல்வது முதல் வகைதான். ஆகவே இடத்தையும் நேரத்தையும் முழங்காலையும் தானியங்கியாக விட்டுவிட்டு, சொல்லப்படுவதைத் தானியங்கி ஆகாமல் காக்க முடியும். கத்தோலிக்கத் திருச்சபை 1969-இல் வகுத்த வாசக ஒழுங்கில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறி வருகின்றன. சாந்தோமில் வாரந்தோறும் அதே மணிக்கு, அதே பெஞ்சில் வந்து உட்காருகிறவர், தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத பொதுக்காலத்தின் ஒரு ஞாயிறன்று கேட்ட நற்செய்தியை அதே ஞாயிறன்று மறுபடி கேட்க மூன்று ஆண்டு ஆகும்.