தேக்கில் வைரம் பாய எத்தனை ஆண்டு?

"பர்மா தேக்கு வேணுமா, கானா தேக்கு போதுமா?" மரக்கடையில் முதலில் வரும் கேள்வி இதுதான். இரண்டும் ஒரே இனம். விலையைப் பிரிப்பதில் பெரும்பங்கு மரத்தின் வயதுக்கு.

தேக்கின் வெளிப்பகுதி வெளிறிய கட்டை. வேர் உறிஞ்சும் நீர் அதன் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. மரம் பருக்கப் பருக்க உள்பக்கத்துச் செல்கள் சாகின்றன. சாகும் முன், சேர்த்துவைத்த மாவுச்சத்தை வேறு வேதிப்பொருள்களாக மாற்றி அங்கேயே விட்டுவிடுகின்றன. அவற்றில் ஒன்றான டெக்டோகுயினோன் கரையானுக்கு ஆகாது. ரப்பர் போன்ற ஒரு பொருளும் சேர்வதால் தண்ணீர் எளிதில் ஊறாது. வைரம் பாய்வது என்பது இதுதான். வெள்ளைப் பகுதிக்கு இந்தக் காவல் கிடையாது. தேக்கே ஆனாலும் பூச்சி அரிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 செ.மீ. விட்டமுள்ள கட்டையில் சுற்றிலும் 3 செ.மீ. வெள்ளை இருந்தால் வைரம் 49%தான். 60 செ.மீ. கட்டையில் அதே 3 செ.மீ. வெள்ளை என்றால் வைரம் 81%. இளம் மரத்தின் வைரத்தில் காவல் பொருள்களும் பெரும்பாலும் குறைவு.

முதிர்ந்த மரம் எங்கே இருந்தது? இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் காடுகளில். மியான்மரில் பிரிட்டிஷ் காலத்தில் உருவான முறைப்படி, குறித்த சுற்றளவைத் தாண்டிய மரத்தை மட்டும் வெட்டி, 30 ஆண்டு கழித்தே அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். அருமையான விதி. மீறி வெட்டியதில் காடு தேய்ந்தது. தாய்லாந்து 1989இல் இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது.

அப்புறம் மிஞ்சியது தோட்டத் தேக்கு. இந்தியாவில் அதன் தொடக்கம் நம் பக்கத்தில்தான்: 1840களில் நிலம்பூரில், மலபார் கலெக்டர் கோனோலி முன்னின்று, சாத்து மேனன் மேற்பார்வையில் நட்டது. இன்று கானா, ஈக்வடார், கோஸ்டா ரிகா, பனாமா, பிரேசில் என்று பரவியிருக்கிறது. உருட்டுக்கட்டையை அதிகம் வாங்குவது இந்தியா.

இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 2,500 கன்று. இடையிடையே சில மரங்களை வெட்டிக் கலைத்து, கடைசியில் சில நூறு மட்டும் பருக்க விடுகிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் 20, 25 ஆண்டிலேயே வெட்டுவது வழக்கம். போட்ட பணம் அதற்கு மேல் காத்திருப்பதில்லை. 1990களில் தமிழ்நாட்டில் தேக்குத் தோட்டத் திட்டங்களில் பணம் போட்டு இழந்தவர்களிடம் சொல்லப்பட்ட வளர்ச்சிக் கணக்கு, எந்தத் தேக்கும் வளராத வேகத்தில் இருந்தது.

வெட்டிய இடத்தில் மறுபடி நட்டுவிட்டால் மட்டும் நீடித்த வளர்ப்பு ஆகிவிடாது. தேக்கின் அகன்ற இலையில் மழைநீர் சேர்ந்து பெரிய துளிகளாக விழுகிறது. கீழே புதரும் சருகும் இல்லாமல் தீ வைத்து அழித்திருந்தால், அந்தத் துளிகளின் மோதலில் சரிவான நிலத்தின் மேல்மண் கரைந்து ஓடும். அடிச்செடிகளைக் காப்பதும், ஓடைக்கரையை விட்டுவைப்பதும் மரம் நடுவதற்கு இணையான வேலை.

பொறுப்பான காடு வளர்ப்புக்குத் தரப்படும் எஃப்.எஸ்.சி. சான்றிதழ் பார்ப்பது இதையெல்லாம்தான்: நிலம், மண், தொழிலாளர், வெட்டும் அளவு. வைரம் எவ்வளவு என்பதற்கு அது உத்தரவாதம் தராது. ஆகவே சான்றிதழைக் கேளுங்கள். கட்டையின் அறுத்த முகத்தையும் பாருங்கள். வெள்ளை கலந்த பலகை அலமாரிக்குப் போதும், பூச்சி மருந்து ஏற்றியிருந்தால் இன்னும் நல்லது. மழை படும் வாசல் நிலைக்கு முழு வைரமாக வாங்குங்கள்.