கடலில் மீட்பு, கரையில் விசாரணை: ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் தோட்டப்புற மக்களுக்குச் சொல்வது என்ன?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பெர்ணம் ஆற்றை ஒட்டிய ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே அதிகத் தொலைவில்லை. 2015 செப்டம்பர் 3ஆம் தேதி, முறையான வழியின்றி ஊர் திரும்பிக்கொண்டிருந்த இந்தோனேசியர்களின் மரப்படகு இந்தக் கடற்பகுதியில் கவிழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆள்களை உள்ளே கொண்டுவருவது மட்டுமன்று, இப்படிக் கள்ளத்தனமாக வெளியே கொண்டுசெல்வதும் சட்டப்படி கடத்தலே என்பதைப் பலர் அறிவதில்லை.

கடலில் உயிருக்கு ஆபத்து என்ற தகவல் கிடைத்தால், தேடலையும் மீட்பையும் ஒருங்கிணைப்பது மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனமாகும். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்நிறுவனம் 2005 நவம்பரில் பணியைத் தொடங்கியது. லூமூட்டில் முதன்மைத் தளம் கொண்ட அரச மலேசியக் கடற்படையின் அடிப்படைக் கடமை நாட்டைக் காப்பது என்றாலும், மீட்புப் பணிக்கும் எல்லைச் சுற்றுக்காவலுக்கும் அதன் கப்பல்கள் செல்கின்றன. மலேசியா 1996இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி, கடலில் தத்தளிப்பவருக்குக் கைகொடுப்பது கப்பல் தலைவரின் கடமை. தத்தளிப்பவரிடம் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருக்கிறதா என்பது அந்த நேரத்துக் கேள்வியன்று.

ஆயினும் நடைமுறை எப்போதும் இந்த விதியின் வழியே சென்றதில்லை. 2015 மே மாதம் அந்தமான் கடலில் மியன்மாரின் ரோஹிங்கியாக்களும் வங்காளதேசிகளும் ஆயிரக்கணக்கில் தத்தளித்தபோது, முதலில் படகுகள் திருப்பி அனுப்பப்பட்டன. மே 20ஆம் தேதி புத்ராஜெயாவில் நடந்த பேச்சுக்குப் பின்னர், சுமார் 7,000 பேருக்கு ஓராண்டு வரை தற்காலிக அடைக்கலம் தர மலேசியாவும் இந்தோனேசியாவும் இணங்கின. மறுநாளே கடற்படைக்கும் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கும் தேடி மீட்க உத்தரவு பிறந்தது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றைக் காரணம் காட்டி, லங்காவிக்கு அப்பால் ஒரு படகு மீண்டும் திருப்பப்பட்டது. அலையில் கிடப்பவருக்கு எல்லையைக் காட்டி மறுப்புச் சொல்வது, எந்தக் காரணத்தாலாயினும், நம்மை உறுத்த வேண்டிய செயலே.

கரைக்கு வந்த பின்னர் 2007ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் (அட்டிப்சோம்) முன்னால் வருகிறது. ஆளைச் சுரண்டும் ஆள் வணிகம், எல்லையைக் கள்ளத்தனமாகத் தாண்டவைப்பது ஆகிய இரண்டையும் தமிழில் "கடத்தல்" என்றே சொல்லிவிடுவதால் இங்கே குழப்பம் நேர்கிறது. வற்புறுத்தியோ ஏமாற்றியோ ஒருவரைக் கொண்டுவந்து உழைப்பைச் சுரண்டினால் அவர் ஆள் வணிகத்துக்குப் பலியானவர்; அவர் முன்பு சம்மதித்திருந்தாலும் அது குற்றவாளிக்கு எதிர்வாதமாகாது, சட்டவிரோதமாக நுழைந்ததற்காக அவர்மீது வழக்குத் தொடரவும் முடியாது. மாறாக, காசு கொடுத்துத் தெக்கோங்கின் (கள்ளப் படகோட்டியின்) படகில் ஏறி வந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. குடிநுழைவுச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டும், அத்துடன் ஆறு வரை பிரம்படியும் அவருக்குக் காத்திருக்கலாம். கடனைச் சொல்லிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, கடப்பிதழையும் பூட்டி வைக்கும் முதலாளியிடம் அகப்பட்டவர் எந்த வகையில் சேர்வார் என்பதை விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியிடம் பட்ட கடனின் கதையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இந்த வேறுபாட்டின் கனம் புரியும்.

கடத்தலில் ஈடுபடுவோருக்குப் பல ஆண்டுகள் சிறை விதிக்கலாம். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டமான சொஸ்மாவின் கீழ் 28 நாள்கள் வரை தடுத்து வைத்தும் விசாரிக்கலாம். படகோட்டி மட்டும் சிக்குவதில்லை. ஆற்றங்கரையிலிருந்து இரவில் ஆள் ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநரும், ஒரு நாள் வாடகைக்காகக் காலி லயத்து வீட்டைத் தெரிந்தே திறந்துவிடுபவரும் அட்டிப்சோம் சட்டத்தின் பார்வையில் உதவியவர்களே. கூடுதல் வருமானம் என்று நம் பிள்ளைகள் சிலர் இதில் இறங்குவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனவே கடலிலோ முகத்துவாரத்திலோ படகு தத்தளிப்பதைக் கண்டால் உடனே 999க்கு அழைத்து, இடத்தையும் நேரத்தையும் தோராயமான ஆள் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். கரையேறியவருக்குத் தண்ணீரும் உலர்ந்த துணியும் கொடுத்துவிட்டு, அதிகாரிகள் வரும்வரை அவர்களை மறைக்காமல் திறந்த இடத்திலேயே இருக்கச் செய்யுங்கள். யாரேனும் மிரட்டப்பட்டதாகவோ, சம்பளமின்றி வேலை வாங்கப்பட்டதாகவோ சொன்னால், அதை வருகின்ற அதிகாரியிடம் அப்படியே சொல்லுங்கள். பலியானவரைப் பாதுகாப்பகத்தில் தங்கவைத்து விசாரிக்க வழிசெய்யும் 21 நாள் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவைக் கோருவதற்கு அந்தத் தகவல் முதற்படியாக அமையலாம்.